18 கொடிகள், 88 கண்ணிகள்

இன்று சனிக்கிழமை. காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனால் மேடை முழுக்க வெள்ளரிக்காய். எண்ணிப் பார்த்தேன், 23. வியாழக்கிழமைதான் 17 பறித்தோம். அதில் பாதி இன்னும் ஃபிரிட்ஜில் கிடக்கிறது. அம்மா விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்துக்குப் போய், ஈரத்தோடு பறித்து வந்து வரிசையாக அடுக்கிவிட்டு, "இன்னும் நாலஞ்சு எலைக்கடியில ஒளிஞ்சிருக்குது கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஜூலையில் முதல் பிஞ்சைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் அதே காயை யார் தலையில் கட்டலாம் என்று தெருவை நோட்டம் விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் இது கொஞ்சம் அதிகம். காரணம் அம்மா.

நாங்கள் இருப்பது ஒன்டாரியோவில், வாட்டர்லூ பக்கம். இங்கே மே மாதம் விக்டோரியா தின நீண்ட வாரக்கடைசி வந்தால்தான் பனிக்குப் பயப்படாமல் மண்ணில் கை வைப்பார்கள். நானும் அன்றைக்கு ஆறு குழி எடுத்து, குழிக்கு மூன்று விதை போட்டேன். முளைத்ததும் நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது பாடம். பத்து நாளில் 18 விதையும் முளைத்துவிட்டன. நான் கத்தரிக்கோலோடு போய் உட்கார்ந்தேன். அம்மா பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன கண்ணு பண்ற?"

"ஒன்னு விட்டுட்டு மிச்சத்தை எடுக்கணும்மா. இல்லாட்டி நெருக்கமாயிரும்."

"உசுரோட மொளச்சு நிக்கறதையா? அதெல்லாம் வேண்டாம்."

அந்தக் குரலில் வேறு ஏதோ இருந்தது. நான் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டேன். மிச்சம் 12 நாற்றையும் அம்மாவே மண்ணோடு பெயர்த்து, வேலி ஓரமாகத் தள்ளித் தள்ளி நட்டார். வெள்ளரிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது, பாதி பட்டுப்போகும் என்று நான் கணக்குப் போட்டேன். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. அப்படித்தான் 18 கொடி.

அப்பா போன வருஷம் தை மாதம் தவறிவிட்டார். திருப்பூரில் 31 வருஷம் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். நான் போய்ச் சேர்ந்து, காரியம் முடித்து, மூன்றாவது வாரம் திரும்பி வந்து, திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன். உங்களில் பல பேருக்கு இது தெரியும், விளக்க வேண்டாம். ஒரு வருஷம் அம்மா தனியாகவே இருந்தார். இந்த ஏப்ரலில்தான் ஆறு மாதத்துக்கு இங்கே வந்தார். வந்ததிலிருந்து அப்பா பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் மாடி அறையில் லேப்டாப்போடு, அவர் கீழே ஜன்னலோரம். தோட்டம் வந்த பிறகுதான் அம்மா வெளியே நடக்கவே ஆரம்பித்தார்.

சரிங்க, முதலில் வெள்ளரிக்காய் விஷயத்துக்கு வருவோம்.

வெள்ளரிக் கொடியின் ஒரே நோக்கம் விதை. ஒரு காய் முற்றி மஞ்சளாகிவிட்டால், வந்த வேலை முடிந்தது என்று கொடி புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வேண்டுமோ வேண்டாமோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். பறிக்கப் பறிக்கக் காய்க்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் சுரைக்காய் அளவுக்கு நாலு தொங்கும்.

பறித்ததை எடுத்து வைப்பதிலும் ஒரு சங்கதி. வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான். ரொம்பக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் தோல் குழிவிழுந்து நீர்விட ஆரம்பிக்கும். துணியிலோ பேப்பரிலோ சுற்றி, ஃபிரிட்ஜில் குளிர் குறைவான இடத்தில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். வாழைப்பழம், தக்காளி பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீனில் சீக்கிரம் மஞ்சளாகும். முழுசாக ஃப்ரீசரில் போடவே வேண்டாம், வெளியே எடுத்தால் கூழ்தான்.

கசப்பு? வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் கசக்கும். அந்தக் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும்தான் இருக்கும். அம்மா காம்பு முனையை நறுக்கி, அந்தத் துண்டாலேயே நுரை வர வரத் தேய்த்துவிட்டுத் தூக்கிப் போடுவார். தேய்ப்பதால் எவ்வளவு போகிறதோ, நறுக்குவதால் நிச்சயம் போகிறது.

இந்த மாதம் எங்கள் வீட்டில் ஓடிய சமையல் இதுதான்.

பிஞ்சு என்றால் வேறு யோசனையே இல்லை. நீளவாக்கில் நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, அப்படியே. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக வாங்கிச் சாப்பிட்ட அதே ருசி, பஸ் மட்டும்தான் இல்லை.

நடுத்தரக் காய் என்றால் கோசம்பரி. அரை கப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, இரண்டு காயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, தேங்காய்த்துருவல், பச்சைமிளகாய், எலுமிச்சைச்சாறு. கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டலாம். உப்பை மட்டும் தட்டில் போடும்போது சேருங்கள். முன்னாடியே போட்டால் காய் தண்ணி விட்டு நீந்த ஆரம்பித்துவிடும்.

ஒரேயடியாகத் தீர்க்க வேண்டும் என்றால் வெள்ளரிக்காய் தோசை. மங்களூர்ப் பக்கத்துப் பழக்கம். இரண்டு கப் பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, துருவிய வெள்ளரி இரண்டு கப், தேங்காய் அரை கப், உப்பு சேர்த்து அரைக்க வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றாமல் ஆரம்பியுங்கள், காயே விட்டுக்கொள்ளும். புளிக்க வைக்க வேண்டாம், உடனே சுடலாம். எங்கள் பையன் காய்கறி என்று தெரியாமலேயே மூன்று சாப்பிட்டான்.

கண்ணில் படாமல் பெருத்துப் போனதைத் தோல் சீவி, விதையை வழித்துவிட்டு, பூசணிக்காய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மோர்க்குழம்பு, பாசிப்பருப்புக் கூட்டு இரண்டுக்கும் பொருந்தும்.

இவ்வளவும் செய்தும் தினமும் பத்துக் காய் மிச்சம். ஒரு சனிக்கிழமை அம்மா ஒயர் கூடையில் எட்டுக் காயைப் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் போனார். ஊரிலிருந்து பொடி வகைகளை அடுக்கி எடுத்து வந்த கூடை அது, சிவன் கண் முடிச்சில் அவரே போட்டது. பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு ஜெர்மானியப் பெண்மணி தனியாக இருக்கிறார். நான் நாலு வருஷமாகக் கையாட்டியதோடு சரி. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. அம்மா கூடையை நீட்டினார். அவர் காயைப் பார்க்கவில்லை, கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் கூடை திரும்பி வந்தது. உள்ளே ஒரு பாட்டில் ஊறுகாயும், கிண்ணத்தில் வெள்ளரி சாலடும். மெல்லிய வில்லைகள், புளித்த கிரீம், கொஞ்சம் வினிகர், மேலே பச்சையாக ஏதோ தழை. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "புள்ளப் பெத்தவளுக்குக் குடுக்கற சதகுப்பை வாசமாட்டம் இருக்குதே" என்றார். டில் என்று இவர்கள் சொல்வது சதகுப்பைச் செடிதான் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். சாலடைச் சாப்பிட்டுவிட்டு, "தயிர்ப் பச்சடிதான், தாளிக்க மறந்துட்டாங்க" என்று தீர்ப்பு வேறு.

அந்த ஊறுகாய் முறையைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். சின்னக் காயாக எடுத்து, பூ இருந்த முனையைக் கட்டாயம் கொஞ்சம் நறுக்கிவிட வேண்டும். அங்கே இருக்கும் என்சைம் காயைக் கொழகொழவென்று ஆக்கிவிடுமாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, பூண்டு, சதகுப்பை. காய் முழுதும் நீருக்குள் அமுங்கியிருக்க வேண்டும். வெளியிலேயே ஒரு வாரம் வைத்தால் புளித்துவிடும், பிறகு ஃபிரிட்ஜ். மேலே பூஞ்சை படர்ந்தாலோ, காய் வழவழத்தாலோ, நாற்றம் மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அவசரக்காரர்களுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து வில்லைகள் மேல் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே தயார். மாதக்கணக்கில் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கும் பாட்டில் ஊறுகாய் வேறு விஷயம். அதற்குப் பரிசோதித்த செய்முறையை மட்டும் பின்பற்றுங்கள், வினிகரைக் குறைக்க வேண்டாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை அம்மா கூடையோடு போனவர் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால் அந்த வீட்டு வாசல் படியில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கையில் உல்லன் நூல், இரண்டு ஊசி. அம்மா கையில் ஒயர். வீட்டிலிருந்து மிச்ச ஒயரை எடுத்துப் போயிருக்கிறார்! பக்கத்தூட்டு அம்மணிக்கு, அம்மா அப்படித்தான் சொல்வார், சிவன் கண் முடிச்சு சொல்லித்தருகிறார். அவர் பதிலுக்கு இவருக்கு நிட்டிங் சொல்லித்தருகிறார். ரெண்டு பேருமே தலையை ஆட்டுகிறார்கள், கையைப் பிடித்துத் திருத்துகிறார்கள். மொழிபெயர்க்கலாம் என்று போன எனக்கு வேலையே இல்லை. சும்மா நிற்கிறானே என்று என் கையிலும் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரக்கடைசியில் அம்மா ஒரு சாம்பல் நிறக் குல்லாவை முக்கால்வாசி முடித்துவிட்டார். ஒயர் பின்னிய விரல், நூலுக்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று அதற்கே தெரிகிறது. அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், விளக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு கையாலும் அகலமாக விரித்தார். முன்பக்கம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன 'வி'. திருப்பினால் பின்பக்கம் அலை அலையாக.

"இது பனியன் துணி கண்ணு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்கப்பா ஓட்டுன துணிதானே இது. அங்க நூலு சன்னம், இங்க மொத்தம். அவ்வளவுதான்."

உண்மைதான். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்று சொல்வது இதே பின்னல்தான். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துவிடுவது. நெசவு மாதிரி பாவும் ஊடும் கிடையாது, ஒரே நூல்தான் சுற்றிச் சுற்றிப் போகும். அதனால்தான் பனியன் இழுத்தால் இழுபடுகிறது, விட்டால் சுருங்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-ல் இந்தக் கைவேலையை மெஷினாக்கினார். அங்கிருந்து வளர்ந்து வந்ததுதான் அப்பா ஓட்டிய வட்ட மெஷின். 30 அங்குல டயா, 24 கேஜ் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. சுற்றளவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,260 ஊசிகள். குழாய் மாதிரி துணி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். குல்லாவும் குழாய்தான். என் வட்ட ஊசியில் இருப்பது 88 கண்ணி.

அம்மா பேச ஆரம்பித்தார். நைட் ஷிப்ட் முடிந்து புருவத்தில் பஞ்சோடு வருவாராம், தலையைத் துவட்டிவிட்ட பிறகுதான் சோறு. கல்யாணமான புதிதில் கடையில் பனியன் வாங்கப் போனால்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாராம். ஒரே ஒரு ஊசி உடைந்திருந்தாலும் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு கண்ணில் பட்டால் வாங்க மாட்டாராம். "ரெண்டாயிரம் ஊசியில எந்த ஊசி போச்சுன்னு சத்தத்துலயே கண்டுபுடிச்சிருவாரு. அவருக்கு நெஞ்சுல வலி வந்தது மட்டும் அவருக்கே தெரியல பாரு" என்றார்.

அப்புறம் அழுதார். நானும்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக இருவரும் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தது. அழுது முடித்துவிட்டு அம்மா விட்ட இடத்திலிருந்து மறுபடி பின்ன ஆரம்பித்தார். "எத்தனாவதுல விட்டேன், 40-ஆ 41-ஆ?" என்று என்னைக் கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன்.

உங்களுக்கும் பின்னிப் பார்க்க ஆசை வந்தால், குல்லாவில் ஆரம்பியுங்கள். வேண்டியது நடுத்தரத் தடிமனில் 100 கிராம் உல்லன் நூல், 5 மில்லிமீட்டர் வட்ட ஊசி, 40 சென்டிமீட்டர் நீளம். பெரியவர்கள் தலைக்கு 88 கண்ணி. கீழே பட்டி இரண்டு நேர், இரண்டு எதிர். அப்புறம் முழுக்க நேர்ப்பின்னல். உச்சியில் 88-ஐ எட்டுப் பாகமாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அப்போது இருபக்கமும் கூரான சின்ன ஊசிகள் தேவைப்படும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னச் சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி வருகிறது என்று அளக்க வேண்டும். 18 வர வேண்டும். ஆபீசில் டெஸ்ட் எழுதாமல் கோடு அனுப்புகிறவர்களைத் திட்டுகிற நான், இங்கே அளக்காமல் ஆரம்பித்துவிட்டேன். என் கை தளர்வு, 16-தான் வந்திருக்கிறது. 88-ஐ 16-ஆல் வகுத்தால் 55 சென்டிமீட்டர். போட்டுப் பார்த்த அம்மாவுக்குக் குல்லா மூக்கு வரை இறங்கியது. சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்தூட்டு அம்மணி வேலிக்கு வந்துவிட்டார்.

மூன்று வாரக்கடைசி வேலையைப் பிரித்து மறுபடி உருண்டையாகச் சுற்றினேன். நூல் அப்படியே இருக்கிறது, ஒன்றும் நஷ்டமில்லை. இப்போது ஒவ்வொரு பத்து வரிசைக்கும் வேறு நிற நூலை எல்லாக் கண்ணிக்குள்ளும் கோத்து விடுகிறேன். தப்பு நடந்தால் அந்த நூல் வரைதான் பிரியும், அதற்குக் கீழே பத்திரம். கண்ணி நழுவினால் பதற வேண்டாம், குரோஷா ஊசியால் ஏணி ஏறுவது மாதிரி ஒவ்வொரு படியாக மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

வெள்ளரிக்காய் இப்படியில்லை. வியாழக்கிழமைக் காயைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. நான் எல்லாவற்றையுமே உல்லன் நூல் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பின்னிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவன். வாராவாரம் அப்பாவோடு பேசிய போனையும் அப்படித்தான் வைத்திருந்தேன். இந்த மாதம் சனிக்கிழமைகளில் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

அம்மாவுக்கு செப்டம்பர் 27-ம் தேதி விமானம். இருந்துவிடுங்கள், நீட்டிப்புக்கு எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அவரு இருந்த ஊட்டை எத்தன நாளைக்குப் பூட்டி வெக்கறது" என்கிறார். சாம்பல் குல்லா எனக்காம், "நாம் போன பொறவு குளுருமல்ல." நான் பின்னிக்கொண்டிருப்பது அம்மாவுக்கு. மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது தலைக்குப் போட்டுக்கொள்ள. 30 வரிசை ஆகியிருக்கிறது. 27-ம் தேதிக்குள் முடிப்பேனா தெரியவில்லை, அதனால் இதை எழுதி முடித்ததும் ஊசியை எடுக்கப் போகிறேன்.

இன்றைய 23 காயில் ஆறு தோசைக்கு, ஐந்து ஊறுகாய்க்கு, பத்து வேலிக்கு அந்தப்பக்கம், இரண்டு மத்தியானப் பச்சடிக்கு. அம்மா ஒரு காயை மட்டும் பறிக்காமல் கொடியிலேயே விட்டு வைத்திருக்கிறார். உள்ளங்கை அகலத்துக்குத் தடித்து மஞ்சளாகி வருகிறது. விதைக்காம். பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருக்கிறது, கலப்பினம், இந்த விதையில் இதே காய் வரும் என்று சொல்ல முடியாது என்று விளக்கிச் சொன்னேன்.

"வர்றது வரட்டும் கண்ணு" என்றார் அம்மா. "மொளச்சா மட்டும் புடுங்கிப் போட்றாத."